பஸ் அங்கே முடிகிறது, ரோடு போகிறது

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல. ஓர் அட்டவணையில் கிடைத்தது.

நான் பிழை திருத்துகிற பதிப்பகம் வருடத்துக்கு ஒருமுறை சாலை வரைபடப் புத்தகம் போடும். அதன் கடைசிப் பக்கத்தில், நகரத்திலிருந்து கிளம்பும் நெடுஞ்சாலைகள் ஒவ்வொன்றும் எண் மாறாமல் எவ்வளவு தூரம் போகின்றன என்று ஒரு கணக்கு இருக்கும். எங்கும் திரும்பாமல், வேறு சாலைக்கு மாறாமல், ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் எந்த ஊரில் கொண்டுபோய் விடும்? இதைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. முதல் வரியில் இருக்கிற சாலை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கடைசிச் சாலை பாவம், அடுத்த ஊர்ச் சந்தையோடு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. இந்த வருடம் மூன்றாவது வரியில் ஒரு கமாவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அது எங்கள் ரோடு.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம ரோடு மூணாவது இடம்க்கா."

"மூணாவதா? அப்பா இருந்திருந்தா உங்க ஆபீசுக்கே சண்டைக்கு வந்திருப்பாரு."

"எங்க முடியுதுன்னு போட்டிருக்கு தெரியுமா?"

"அதான் போய்ப் பாத்தோமே," என்றாள் அக்கா.

கதை அந்த இடத்தில்தான் தொடங்கியது. எழுதத் தொடங்கியபோது அது தொடங்கிய இடத்தைத் தவிர வேறு எங்கெங்கோ தொடங்கிப் பார்த்தேன்.

2

முதல் தொடக்கம்: "எங்கள் வீட்டு வாசலில் ஒரு நெடுஞ்சாலை பிறந்தது."

அழகாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. பொய்தான். சாலை பிறப்பது நகரத்தின் நடுவில், பெரிய தபால் நிலையத்துக்கு எதிரே. எங்கள் வீட்டுக்கு வரும்போது அது எத்தனையோ சிக்னல்களில் நின்று அலுத்துப்போய், ஊரை விட்டுக் கிளம்பினால் போதும் என்று வேகம் எடுக்கும் நிலையில் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "அப்பா டயர்க்காரர். அவருடைய கைகளில் எப்போதும் ரப்பர் வாசனையும்"

இதை முடிக்கவில்லை. அப்பாவின் கைகளை வர்ணிக்கப் புகுந்தால் நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கதை நகராது.

ஆகவே வெறுமனே சொல்கிறேன். கீழே டயர் கடை, மேலே வீடு. நகரத்தை விட்டு வெளியே போகும் லாரிகள் கடைசியாகக் காற்றுப் பிடிக்கிற இடம் அது. கம்ப்ரஸர் ஓடினால் மேலே எங்கள் வீட்டுத் தட்டுகள் நடுங்கும். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைக்கிற வேலை எனக்கும் அக்காவுக்கும். அந்த விரலை எடுக்காமலே லாரிக்காரர்களிடம் கேட்போம்: "இந்த ரோடு எது வரைக்கும் போகுது மாமா?" ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர் சொல்வார்கள். சிமெண்டு ஏற்றுகிறவர் ஒரு ஊர், முட்டை ஏற்றுகிறவர் ஒரு ஊர். அவரவர் சரக்கு இறக்குகிற இடத்தில் அவரவர் ரோடு முடிந்தது.

3

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தொலைதூர அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுத்த காலம். நாள் முழுக்க ஊரையே காதில் மாட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் நாங்கள் மாட்டிக்கொள்வோம். எனக்குச் சீப்பு காணோம், அக்காவுக்குக் கணக்கு வரவில்லை, அப்பாவுக்கு ஜாக்கியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. கடையில் இருக்கிற ஜாக்கியை மாடியில் சமைத்துக்கொண்டிருக்கிறவளிடம் கேட்பார். அம்மாவும் அது இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்வாள் என்பதுதான் கொடுமை.

எனக்கு ஒன்பது வயதும் அக்காவுக்குப் பதின்மூன்றும் ஆனபோது அம்மாவுக்கு மாற்றல் வந்தது. மூன்று வருடம் வெளியூர். இரண்டு ஊர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்று கிட்டத்தில்தான், ஆனால் வேறு சாலை. நடுவில் பஸ் மாற வேண்டும். இன்னொன்று தொலைவு. ஆனால் எங்கள் ரோட்டிலேயே இருந்தது, நேர் பஸ். அம்மா தொலைவான ஊரை எடுத்தாள்.

(இரண்டு ஊர்கள் இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். பெரியவர்கள் பேசும்போது அவள் தூங்குவதுபோல் நடிப்பாள். நான் நிஜமாகவே தூங்கிவிடுவேன். எங்கள் வீட்டு வரலாறு முழுக்க அவளிடம் இருப்பதற்கு இதுதான் காரணம்.)

"ஊருதான் வேற. ரோடு ஒண்ணுதான்," என்று அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அப்படியே சொன்னேன். எங்கம்மா இதே ரோட்ல இருக்கா, கொஞ்சம் தள்ளி.

ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை அம்மா வருவாள். காலையில் அங்கே புறப்படுகிற பஸ் மத்தியானத்துக்கு மேல் எங்கள் கடையைத் தாண்டும். அங்கே நிறுத்தம் கிடையாது. ஆனால் அந்த பஸ்ஸின் டிரைவர் அப்பாவுக்கு வேண்டியவர்; 'மீசை' என்போம். கடை வாசலிலேயே ஓரம் கட்டுவார். அம்மா பச்சைப் பையோடு இறங்குவாள். மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் ஏறிப் போவாள்.

4

ஒரு சனிக்கிழமை பஸ் வந்தது. ஓரம் கட்டியது. அம்மா இறங்கவில்லை. மீசை ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்பா பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போய் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அங்கே அம்மாவோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி எடுத்தாள். அவள் குரல் ரிசீவருக்கு வெளியே எங்களுக்கே கேட்டது.

"காலையிலேயே பையோட பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டாங்களே சார். இன்னும் வரலையா?"

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார். பையோடு கிளம்பியவள் பஸ்ஸில் இல்லை. அப்படியானால் எங்கே?

அப்போதே கிளம்பியிருப்போம். ஆனால் எங்கள் வேனுக்கு டயர் இல்லை. சிரிக்காதீர்கள். யாரோ ஒரு அவசரக்காரருக்கு அப்பா முந்தின நாள்தான் இரண்டைக் கழற்றி மாட்டிவிட்டிருந்தார். வேன் செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தது. கடையில் இருந்தவற்றில் பொருந்துகிற மாதிரி ஒன்றைத் தேடி, இன்னொன்றை ஒட்டி, எல்லாம் முடிந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மூன்று பேரும் வேனில் ஏறினோம்.

5

"ரெண்டு பேரும் எதிர்ல வர்ற பஸ்ஸைப் பாத்துக்கிட்டே வாங்க," என்றார் அப்பா. "ஒரே ரோடு. அவ வந்தா நம்மளைத் தாண்டித்தான் வரணும். பாத்ததும் கத்துங்க."

இதுதான் ஒற்றைச் சாலையின் சௌகரியம். ஒருவரைத் தவறவிட முடியாது என்று நம்பலாம். வாழ்நாளில் வேறு யாரையும் அவ்வளவு நம்பிக்கையோடு நான் தேடியதில்லை. தேடப்படும் மனிதர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கிளைச்சாலையில்

(வேண்டாம். எனக்குள் இருக்கிற கட்டுரைக்காரி தலைகாட்டுகிறாள். வேன் ஓடட்டும்.)

எதிரே வரும் பஸ் ஒரு கண்சிமிட்டலில் கடந்துவிடும். அதற்குள் ஜன்னல் ஜன்னலாகப் பார்க்க வேண்டும். தூங்குகிற முகம், கொட்டாவி விடுகிற முகம், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற முகம். ஒவ்வொரு பஸ் கடந்ததும் அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்ப்பார். நாங்கள் இல்லை என்று தலையாட்டுவோம்.

நடுவழியில் ஒரு பஸ்ஸில் பச்சைப் பை தெரிந்தது. "அம்மா!" என்று ஒரு கத்தல். அப்பா வேனைத் திருப்பினார். ஹாரனை அழுத்திக்கொண்டே துரத்தி, முந்தி, பஸ்ஸுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் மூவரும் ஏறினோம். பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு பெண், வாயில் பாதி ஆரஞ்சுச் சுளையோடு எங்களைப் பார்த்தாள். பஸ் முழுக்கப் பார்த்தது.

"என்னய்யா, என்ன விஷயம்?" என்றார் டிரைவர்.

பெண்டாட்டியைத் தேடுகிறேன் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? "பின்னாடி டயர்ல காத்து கம்மியா இருக்குங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு," என்றார் அப்பா.

டிரைவர் இறங்கி வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். அப்பாவும் உதைத்துப் பார்த்தார். "ஆமா, கொஞ்சம் கம்மிதான்," என்று டிரைவரே ஒத்துக்கொண்டு, "இதுக்காகவா இவ்வளவு தூரம் தொரத்திட்டு வந்தீங்க? ரொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு," என்று கைகுலுக்கினார்.

[கத்தியது யார்? அக்கா என்று முதல் வரைவில் எழுதினேன். "நீதான்டி கத்தின. நான் அது அம்மா பை இல்லன்னு அப்பவே சொன்னேன்," என்கிறாள் அக்கா. எனக்கு அவள் குரல்தான் காதில் இருக்கிறது. "ஒரு கத்தல்" என்று மாற்றிவிட்டேன்.]

மறுபடி வேனைத் திருப்பினோம். அதற்குப் பிறகு அப்பா எங்களைக் கண்ணாடியில் பார்க்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸையும் அவரே பார்த்தார்.

6

பஸ் ஸ்டாண்டில் அம்மா இல்லை. அங்கே விசாரித்து, எக்ஸ்சேஞ்சு தெருவைக் கண்டுபிடித்து, தையல் கடை ஒன்றின் மாடியில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போனோம். அதுவரை நாங்கள் யாரும் பார்த்திராத அறை. கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கதவு திறந்தே கிடந்தது.

அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் ஜன்னல் விளிம்பின் மேல். தலைக்குக் குளித்துக் கூந்தலை நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். மடியில் ஒரு புத்தகம்

[இந்த இடத்தைப் படித்துக்காட்டியபோது அம்மா நிறுத்தினாள். "புஸ்தகம் எங்கேருந்து வந்துச்சு?" "சும்மா உக்காந்திருந்தேன்னு எழுதினா நல்லா இருக்காதும்மா." "சும்மாதான் உக்காந்திருந்தேன். அப்படியே எழுது."]

சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு இப்படி இரண்டு பாதங்கள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தவள் சட்டென்று காலை இறக்கினாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்கு என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் ஆகலயே."

"பஸ்ஸை விட்டுட்டியா?"

அம்மா அதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் நம்பியிருப்போம், கதையும் இல்லாமல் போயிருக்கும். "இல்ல. பஸ் நின்னுச்சு. நான் ஏறல," என்றாள்.

"ஏன்?"

"தெரியலங்க."

இந்த இடத்தில் அப்பா என்ன செய்தார் என்பதை மூன்று முறை எழுதிவிட்டேன். ஒன்றில் கத்துகிறார். ஒன்றில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார். இரண்டுமே நடந்திருக்கலாம், அதற்குண்டான கோபம் அவருக்கு வழி நெடுகச் சேர்ந்திருந்தது. நடந்தது வேறு. அப்பா அந்த அறையைப் பார்த்தார். ஒரு நாற்காலி, கொடியில் ஒரு துண்டு, அம்மாவே தைத்துப் போட்ட மஞ்சள் திரை. பிறகு தன் கால்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஓரமாக வைத்தார். அந்நியர் வீட்டுக்கு வந்தவர்போல நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உள்ள வரலாமா?"

அம்மா சிரித்தாள் என்கிறாள் அக்கா. எனக்கு ஞாபகம் இருப்பது அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டதுதான். தோள் குலுங்கியது. அது எதனால் என்று பின்னாலிருந்து பார்த்தவளுக்கு எப்படித் தெரியும்? "வாங்க," என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரே டம்ளர் இருந்தது. ஒருவர் குடித்து முடித்த பிறகு அடுத்தவருக்கு என்று அம்மா டீ ஊற்றிக் கொடுத்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து கடைசியாகக் குடித்தார்.

7

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "ரோடு இந்த ஊரோட முடியுதா?"

"இல்ல. பஸ்ஸுதான் இங்க முடியுது. ரோடு போகுது."

"எது வரைக்கும்?"

"யாருக்குத் தெரியும்?"

"இத்தனை மாசமா இங்க இருக்க. போய்ப் பாக்கணும்னு தோணலையா?"

"தனியாவா?" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து சாவியை எடுத்தார்.

நான்கு பேரும் போனோம். அம்மா முன்னால், நாங்கள் பின்னால். இப்போது பஸ்களைப் பார்க்க வேண்டியதில்லை. மரங்களைப் பார்த்தோம். கூந்தல் காய்வதற்காக அம்மா ஜன்னலைத் திறந்து வைத்தாள். அது பறந்து வந்து என் முகத்தில் அடித்தது. நான் தள்ளவில்லை. வழியில் ஒரு பேக்கரியில் பன் வாங்கித் தின்றோம். ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போயின. லாரிக்காரர்கள் சொன்ன ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து போய்விட்டன. யாரும் சொல்லாத ஊர்களும் வந்தன.

கடைசியில் சாலை ஒரு குறுக்குச் சாலையில் போய் முட்டியது. எதிரே வேலி. வேலிக்குப் பின்னால் காலி நிலம். போர்டில் வேறு எண். அவ்வளவுதான். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றாள்.

மூலையில் லாரிகளுக்கான எடை மேடை ஒன்று இருந்தது. அதன் ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு வண்டி இல்லை. "வழி தவறிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இந்த ரோடு எங்க முடியுதுன்னு பாக்க வந்தோம்," என்றார் அப்பா.

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வந்தது வந்தீங்க. மேடையில ஏத்துங்க. எடை பாத்துட்டுப் போங்க," என்றார்.

அப்பா வேனை ஏற்றினார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம். அம்மாவும்தான். ஆபரேட்டர் கூண்டுக்குள்ளிருந்து எடையைக் கத்திச் சொன்னார். பிறகு அம்மா எடை காட்டும் முள்ளை நேரில் பார்க்க வேண்டும் என்று இறங்கினாள். முள் சரசரவென்று பின்னால் போனது.

"பெரியவளே, சின்னவளே, உங்கம்மா எறங்கினா எவ்வளவு கொறையுது பாத்தீங்களா?" என்றார் அப்பா.

"ஊரே கேக்குற மாதிரி என் எடையைச் சொல்லாதீங்க," என்றாள் அம்மா. ஆபரேட்டர் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் ரோடு முடிகிற இடம் அதுதான். அட்டவணையில் வேறு ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது. திருத்தலாமா என்று யோசித்து, திருத்தாமல் விட்டேன்.

8

இங்கேயே கதையை முடித்திருந்தால் அம்மா எங்களோடு வேனில் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். வரவில்லை. தையல் கடை வாசலில் அவளை இறக்கிவிட்டோம். "திங்கக்கிழமை டூட்டி இருக்கு," என்றாள். அப்பா சரி என்றார்.

மூன்று வருடத்தையும் அம்மா அங்கேயே முடித்தாள். சில சனிக்கிழமைகளில் வந்தாள், சிலவற்றில் வரவில்லை. வராத நாளில் மீசை ஓரம் கட்டித் தலையாட்டுவார். அப்பா சரி, போ என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு டியூபைத் தொட்டியில் முக்குவார். ஒருநாளும் அவர் ஏன் என்று கேட்டு நான் பார்க்கவில்லை. சில சனிக்கிழமைகளில் அவரே கடையை எங்களிடம் விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அவர் தலை ஒழுங்காகச் சீவியிருக்கும்.

பிறகு அம்மா மஞ்சள் திரையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டெலிபோன் ஆபரேட்டர் வேலைகள் போய் எல்லாம் இயந்திரம் ஆயின. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் மேம்பாலத்தின் தூண் நிற்கிறது. லாரிகள் தலைக்கு மேலே போகின்றன. காற்றுப் பிடிக்க யாரும் நிற்பதில்லை.

9

கேள்வி பாக்கி இருக்கிறது. கிட்டத்து ஊரை விட்டுவிட்டு அம்மா ஏன் தொலைவை எடுத்தாள்?

இதை எழுதத் தொடங்கியபோது என்னிடம் ஒரு பதில் இருந்தது: எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி இருக்க. அந்த ஜன்னலையும் அந்தப் பாதங்களையும் பார்த்தவளுக்கு வேறு எந்தப் பதில் வரும்? கதையை அப்படித்தான் கட்டிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே இருக்கிற அம்மாவிடமே கேட்டேன்.

"நேர் பஸ்ஸுல்ல?" என்றாள் அம்மா. "ஏறி உக்காந்தா எறங்கற வரைக்கும் என்னை யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. எனக்கு அந்த ஊரும் பெருசில்ல, வீடும் பெருசில்ல. அந்த பஸ்தான்."

சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள். "இது புதுசா இருக்கே. என்கிட்ட வேற மாதிரில்ல சொன்ன? ஒரே ரோடுன்னா எப்ப வேணாலும் வண்டியை எடுத்துட்டு வந்துடுவேன்னு அப்பா சொன்னாரு, அதான் எடுத்தேன்னு?"

"அதுவும்தான்."

"தள்ளி இருக்கணும்னு தோணலையா?" என்றேன்.

அம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். "அதுவும்தான்."

"மூணும் எப்படிம்மா? ஒண்ணு சொல்லு. கதையை முடிக்கணும்."

"மூணையும் எழுது. படிக்கிறவங்க அவங்களுக்கு வேணுங்கறதை எடுத்துக்கட்டும்."

"சரி, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல பஸ் நின்னப்ப என்ன நெனச்சே? அதையாவது சொல்லு."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். அக்காகூட அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றாள்.

"அதை மட்டும் விட்டுடு," என்றாள். "அது என்னோடது."

அந்தக் காலையைப் பல பக்கங்கள் எழுதி வைத்திருந்தேன். பையோடு நிற்கும் அம்மா, உறுமுகிற பஸ், படியில் வைத்து எடுத்த ஒரு கால். நன்றாகவே வந்திருந்தது. வீட்டுக்கு வந்து அழித்துவிட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். மத்தியானத்தில் மட்டும் கூப்பிட வேண்டாம், தூங்குகிற நேரம்.